ஒரே ஏட்டில் பல எழுத்தாணிகள்

பழந்தமிழ் நூல்களை அச்சிட முனைந்த பெரியோர்களுக்கு நேர்ந்த தொல்லைகளுள் தலையாயது யாது என்று வினவினால், ஏடு கிடையாமை என்றே பலரும் விடை கூறுவர். அது முதல் தொல்லையே அன்றித் தலையாய தொல்லை அன்று. ஏடுகள் கிடைத்த பின்னரே பெருந்தொல்லை தொடங்கும். ஓர் ஏட்டில் ஒரு சொல் இருக்கும். மற்றோர் ஏட்டில் அவ்விடத்தில் வேறொரு சொல் இருக்கும். மூன்றாவது ஏட்டில் அந்த அடியே இராது. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் வெளியிட்ட டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இத்தகைய பாட வேறுபாடுகளை ஒப்புநோக்குவதிலேயே செலவிட்டார். நமது புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் உள்ள ஞானாலயா நூலகத்தில் பழைய நூல்களின் முதற்பதிப்புகளைக் காணும் மாணவர்கள், பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிடப்பெற்றிருக்கும் பாடபேதக் குறிப்புகளையும் தவறாமல் நோக்க வேண்டும். பதிப்பாசிரியர் உழைத்த உழைப்பு அங்கேதான் தெரியும்.

இதே தொல்லை இன்று கணிப்பொறி உலகில் நாள்தோறும் எழுகின்றது, நாள்தோறும் தீர்க்கப்படுகின்றது. பலர் கூடி எழுதும் ஒரே நிரலில், ஒரே இடத்தை இருவர் இருவேறு வகையாகத் திருத்திவிட்டால் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது? இதனை இணைப்பு முரண் என்கின்றனர். உலகத்திலேயே மிகப் பலர் கூடி எழுதும் நூல்களுள் ஒன்றாகிய லினக்ஸ் கெர்னலில் இம்முரணை எவ்வாறு தீர்த்து வந்தனர் என்னும் வரலாறே இன்றைய பேச்சின் பொருள். கணிப்பொறியியல் பயின்றவனல்லேன் நான். வரலாறும் ஆங்கிலமும் கற்பித்தவன். என்னிடம் பயின்று இப்போது பெங்களூரில் நிரல் எழுதும் மாணவர் ஒருவர் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பொறுமையோடு எனக்கு ஆசிரியராக இருந்தார். ஆசிரியப் பயிற்சி பெறாதவர் எனினும் நன்றாகவே கற்பித்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கெர்னல் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பருப்பு என்பது பொருள். ஆலங்குடிப் பக்கத்து நிலக்கடலையை உரித்தால் ஓட்டினுள் இருப்பது எதுவோ அது. கணிப்பொறியின் இயங்குதளத்திலும் வெளியே கண்ணுக்குத் தெரியும் பொத்தான்களும் படங்களும் ஓடு போன்றவை. உள்ளே இருந்துகொண்டு நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதும், வன்தட்டிலிருந்து கோப்பை எடுத்துத் தருவதும், ஒரே நேரத்தில் ஓடும் பல செயல்களுக்கு முறை வைத்து நேரம் ஒதுக்குவதும் கெர்னலின் வேலை. லினக்ஸ் கெர்னலை நாம் அறியாமலே நாளும் பயன்படுத்துகின்றோம். ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றிலும் அது இருக்கின்றது. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீத்திறன் கணிப்பொறிகள் அனைத்திலும் அதுவே இயங்கி வருகின்றது. தமிழ்நாட்டரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் மாவட்டத்து மாணவர்கள் பெற்ற கணினிகளில், சீ-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. ஆகவே இது எங்கோ தொலைவில் உள்ளவர் கதையன்று. அந்நிரலில் ஒரு வரி பிழைபட இணைக்கப்பட்டால் அப்பிழை எத்தனை கோடிக் கருவிகளைச் சென்றடையும் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பொறுப்பு விளங்கும்.

முரணின் இயல்பை முதலில் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையை எடுத்துக்கொள்வோம்; தலைமையாசிரியராய் இருந்தவனுக்கு அதைவிட நெருங்கிய எடுத்துக்காட்டு வேறு இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் அட்டவணை ஒன்று தயாராகின்றது. அதைப் பார்த்துக் கணித ஆசிரியர் ஒரு படி எடுத்துக்கொள்கின்றார். தமிழாசிரியர் ஒரு படி எடுத்துக்கொள்கின்றார். இருவரும் தத்தம் வீட்டில் அமர்ந்து வேண்டிய திருத்தங்களைச் செய்துகொண்டு திங்கட்கிழமை வருகின்றனர். கணித ஆசிரியர் படியில் செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளை கணக்கு என்று இருக்கின்றது. தமிழாசிரியர் படியில் அதே இடத்தில் தமிழ் என்று இருக்கின்றது. இவ்விரு படிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மாற்றியவர் எவர் என்று உங்களால் கூற இயலுமா? இயலாது. கணக்கைத் தமிழாக்கினாரா, தமிழைக் கணக்காக்கினாரா என்பது இரண்டையும் எத்தனை முறை பார்த்தாலும் தெரியாது.

ஆனால் இருவரும் பார்த்து எழுதிய மூலப்படி என் மேசை அறையில் இருக்கின்றது. அதை எடுத்துப் பார்க்கின்றேன். அதில் அவ்விடத்தில் தமிழ் என்று இருக்கின்றது. உடனே உண்மை புலனாகிவிடுகின்றது. தமிழாசிரியர் அவ்விடத்தைத் தொடவே இல்லை; கணித ஆசிரியர்தாம் மாற்றியிருக்கின்றார்; ஆகவே அவர் மாற்றத்தை ஏற்றுக்கொள்ளலாம். மூலத்திலிருந்து ஒருவர் மட்டும் மாற்றிய இடமெல்லாம் இவ்வாறு தாமாகவே தீர்ந்துவிடும். இருவரும் ஒன்றுபோலவே மாற்றியிருந்தாலும் சிக்கலில்லை. மூலத்தில் ஆங்கிலம் என்று இருந்த இடத்தை ஒருவர் கணக்கு என்றும் மற்றவர் தமிழ் என்றும் மாற்றியிருந்தால் மட்டுமே அது முரண். அதைத் தீர்க்க எந்திரத்தால் முடியாது. ஒரு மனிதர் அமர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

மும்முனை இணைப்பு என்று நிரலர்கள் வழங்குவது இதுதான். மூலப்படி, இவர் படி, அவர் படி ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு ஒப்புநோக்குவது. ஏட்டுச் சுவடி ஆய்வாளருக்கும் நிரலருக்கும் உள்ள பெரிய வேறுபாடும் இங்கேதான் இருக்கின்றது. சுவடி ஆய்வாளர் கையில் கிளைப்படிகளே உண்டு; அவற்றுக்கெல்லாம் தாயாகிய ஏடு செல்லரித்து மறைந்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆயின. இருக்கும் படிகளை வைத்துக்கொண்டு இல்லாத தாயேட்டின் வடிவத்தை அவர் ஊகித்தறிய வேண்டும். நிரலரோ தாயேட்டைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டிருப்பவர். எறியாமல் வைத்துக்கொள்ளும் அந்தப் பழக்கத்தை மனிதர் கற்றுக்கொண்ட வரலாறு சுவையானது.

1972இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் என்பவர், நிரலின் ஒவ்வொரு பழைய வடிவத்தையும் சேமித்து வைக்கும் எஸ்.சி.சி.எஸ். என்னும் கருவியை அமைத்தார். அதே ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் மெக்கில்ராய், இரு கோப்புகளை ஒப்பிட்டு வேறுபாடுகளை மட்டும் எடுத்துக் காட்டும் டிஃப் என்னும் கருவியைச் செய்தார். அது 1974இல் யுனிக்ஸ் ஐந்தாம் பதிப்போடு வெளிவந்தது. மூன்று கோப்புகளை ஒப்பிடும் கருவி 1979இல் வந்த ஏழாம் பதிப்பில் சேர்ந்தது. 1985இல் லாரி வால் என்பார் பேட்ச் என்னும் கருவியை வெளியிட்டார். பேட்ச் என்றால் ஒட்டு. கிழிந்த வேட்டியில் தைக்கும் ஒட்டுத்துணியை நினைத்துக்கொள்ளலாம். முழுக் கோப்பையும் அனுப்பாமல் வேறுபாட்டை மட்டும் ஒருவர் அனுப்பினால், பெறுபவர் அதைத் தம் படியில் உரிய இடத்தில் ஒட்டிக்கொள்ள அது உதவியது. உரிய இடத்தை வரிசை எண்ணைக் கொண்டு மட்டும் அது தேடுவதில்லை. முன்னும் பின்னும் உள்ள வரிகளை அடையாளமாகக் கொண்டு தேடும். ஆதலால் இடையில் பத்து வரி கூடியிருந்தாலும் ஒட்டு இடம் தவறாது. இடத்தைக் காணவே இயலாவிட்டால், ஒட்டாத பகுதியைத் தனிக் கோப்பில் எழுதி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எளிய கருவிதான், ஆயினும் முகமறியாத மனிதர்கள் கடல் கடந்து கூடி எழுதும் வழக்கத்திற்கு அடிகோலியது அதுவே என்பது என் கருத்து.

1991 ஆகஸ்டு 25ஆம் நாள், பின்லாந்து நாட்டு ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது இளைஞர், தாம் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக உலகிற்கு அறிவித்தார். செப்டம்பரில் வெளிவந்த முதல் வடிவத்தில் ஏறத்தாழ 10,000 வரிகளே இருந்தன. யாரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம் என்று அவர் திறந்து வைத்ததால் பல நாட்டினரும் திருத்தங்களை ஒட்டுகளாக எழுதி மின்னஞ்சலில் அனுப்பலாயினர். அவர் ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துத் தம் கையாலேயே ஒட்டினார். பத்தாண்டுகளுக்கு மேல் இவ்வாறே நடந்தது. பத்துப் பேர் அனுப்பியபோது நன்றாக நடந்தது. நூறு பேரானபோதும் நடந்தது. அதற்கும் மேற்பட்டபோது தடுமாறியது. அனுப்பிய ஒட்டு சேர்ந்ததா தொலைந்ததா என்று அறியாமல் பலர் திரும்பத் திரும்ப அனுப்பினர். 1998இல் இதன் காரணமாக வெளிப்படையாகவே மனக்கசப்பு எழுந்தது. ஒருவரே எல்லாவற்றையும் பார்ப்பது இனி இயலாது என்பது அனைவர்க்கும் தெரிந்தது. மாற்று வழிதான் தெரியவில்லை. 2002 ஜனவரியில், ஒட்டுகளைத் திரட்டித் தருவதற்கென்றே ஒருவரை அமர்த்த வேண்டும் என்ற யோசனை எழுந்து பெரும் விவாதமாயிற்று.

அடுத்த மாதமே டோர்வால்ட்ஸ், லாரி மெக்வாய் என்பாரின் நிறுவனம் செய்த பிட்கீப்பர் என்னும் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கினார். அதன் புதுமை யாது? அதுவரை வழக்கிலிருந்த கருவிகள் பலவற்றில் வரலாறு முழுவதும் நடுவிலுள்ள ஒரு கணிப்பொறியில் இருக்கும். மற்றவர் அங்கே சென்று எழுத வேண்டும். பிட்கீப்பரில் ஒவ்வொருவரிடமும் முழு வரலாற்றின் படி இருக்கும். அவரவர் தம் இடத்தில் எழுதிக்கொண்டு, பின்னர் ஒருவர் வரலாற்றை மற்றவர் வரலாற்றோடு இணைத்துக்கொள்ளலாம். வேலை விரைந்தது, பூசலும் வளர்ந்தது. கெர்னலோ யாவர்க்கும் உரியது; கருவியோ ஒரு நிறுவனத்தின் உடைமை, உள்நிரல் மூடப்பட்டது. கட்டணமின்றிப் பயன்படுத்துவோர் போட்டிக் கருவி செய்யலாகாது என்பது நிபந்தனை. இது தகாது என்று ரிச்சர்டு ஸ்டால்மன் போன்றோர் கண்டித்தனர். வேலை நடக்கின்றதே என்றார் டோர்வால்ட்ஸ். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு எனினும், பொதுச் சொத்தின் பத்திரத்தைத் தனியார் பெட்டியில் வைப்பது அறிவுடைமை ஆகாது என்றே எனக்குத் தோன்றுகின்றது. மூன்றாண்டுகளில் அதுவே தெளிவாயிற்று. ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பிட்கீப்பர் பேசும் முறையை வெளியிலிருந்தே ஆராய்ந்து அதனோடு உரையாடும் சிறு கருவி ஒன்றைச் செய்தார். அதனைக் காரணம் காட்டி, 2005 ஏப்ரலில் கட்டணமற்ற உரிமையை நிறுவனம் விலக்கிக்கொண்டது. (பின்னாளில், 2016இல், பிட்கீப்பரின் நிரலும் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டது. காலம் செய்யும் வேடிக்கைகளுள் இஃது ஒன்று.)

கருவி பறிபோன நிலையில் டோர்வால்ட்ஸ் கெர்னல் வேலையைச் சில நாள் நிறுத்தி வைத்தார். 2005 ஏப்ரல் 3ஆம் நாள் புதிய கருவி ஒன்றை எழுதத் தொடங்கினார். 7ஆம் நாள் அக்கருவி தன் வரலாற்றைத் தானே சேமித்துக்கொள்ளும் நிலைக்கு வந்தது. 18ஆம் நாள் பல கிளைகளின் முதல் இணைப்பு நிகழ்ந்தது. 29ஆம் நாள் சோதித்தபோது நொடிக்கு 6.7 ஒட்டுகளை அது ஏற்றது. ஜூன் 16ஆம் நாள் கெர்னலின் 2.6.12 வடிவம் அதன் துணைகொண்டு வெளிவந்தது. அதுவே கிட் என்பது. ஆங்கிலேயர் பேச்சுவழக்கில் கிட் என்றால் பிடிவாதமுள்ள ஆகாத மனிதன் என்று பொருள். தம்மையே குறித்து அப்பெயரிட்டதாக அவர் விளையாட்டாகக் கூறினார். ஜூலை 26ஆம் நாள் ஜூனியோ ஹமானோ என்னும் ஜப்பானியரிடம் அதனைப் பேணும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் தம் கெர்னல் வேலைக்குத் திரும்பினார். தாம் செய்த கருவியைத் தாமே பிடித்துக்கொண்டிராமல், தம்மினும் அதில் பொறுமையுள்ளவர் ஒருவரைக் கண்டு ஒப்படைத்தது, கருவியைச் செய்ததைக் காட்டிலும் பெரிய செயல் என்று நான் மதிக்கின்றேன்.

கிட் வரலாற்றைத் தலைமுறைப் பட்டியலாகக் காக்கின்றது. ஒவ்வொரு மாற்றமும் தனக்குப் பெற்றோர் எந்த மாற்றம் என்பதைக் குறித்துக்கொண்டே பிறக்கின்றது. இணைப்பு என்னும் மாற்றத்திற்கு மட்டும் பெற்றோர் இருவர். சில வேளைகளில் இருவருக்கும் மேல். 2014இல் கெர்னலில் நடந்த ஓர் இணைப்பிற்குப் பெற்றோர் 66 பேர்! டோர்வால்ட்ஸே அதைக் கண்டு திகைத்தார். இரு கிளைகளை இணைக்க வேண்டும்போது, கிட் இரண்டின் பரம்பரையிலும் பின்னோக்கிச் சென்று பொது மூதாதையைக் கண்டுபிடிக்கின்றது. அம்மூதாதையே என் மேசை அறையிலிருந்த மூலப்படி. கிளைகள் இடையிடையே ஒன்றையொன்று தழுவிப் பிரிந்திருந்தால் பொது மூதாதையர் இருவர் அகப்படுவதும் உண்டு. அப்போது மூதாதையர் இருவரையும் முதலில் தம்முள் இணைத்துக் கற்பனையாக ஒரு மூலப்படியைச் செய்துகொண்டு, அதனை அடிப்படையாகக் கொண்டு மேலே செல்கின்றது.

எந்திரம் தீர்க்க இயலாத இடம் வந்தால், கிட் அவ்விடத்தில் நின்றுவிடுகின்றது. இடப்பக்கம் நோக்கிய அம்புக்குறிகள் ஏழு, அதன் கீழ் இவர் வரிகள், நடுவே சமக்குறிகள் ஏழு, அதன் கீழ் அவர் வரிகள், முடிவில் வலப்பக்கம் நோக்கிய அம்புக்குறிகள் ஏழு என்று கோப்பிலேயே வேலி கட்டிக் காட்டிவிடுகின்றது. வேண்டுமென்று கேட்டால் மூலப்படியின் வரிகளையும் இடையில் வைத்துக் காட்டும். அனுபவமுள்ள நிரலர் பலர் அதைக் கேட்டே வாங்குகின்றனர். இருவரும் எங்கிருந்து புறப்பட்டனர் என்று தெரிந்தால்தான், எங்கே செல்ல நினைத்தனர் என்பது தெரியும் அல்லவா? வேலிக்குள் இருப்பவற்றுள் ஒன்றைக் கொண்டு மற்றதைத் தள்ளுவது எளிது; பெரும்பாலும் அது பிழையும் ஆகும். ஒருவர் ஒரு செயற்கூறின் பெயரை மாற்றினார்; மற்றவர் அதே வரியில் புதிய நிபந்தனை ஒன்றைச் சேர்த்தார் என்றால், புதிய பெயரும் புதிய நிபந்தனையும் உடைய மூன்றாவது வரியை எழுத வேண்டும். அம்மூன்றாவது வரி இருவர் படியிலும் இல்லாதது.

இணைப்பு என்னும் சொல் புதுக்கோட்டையாருக்குப் புதிதன்று. 1948 மார்ச் 3ஆம் நாள் தொண்டைமான் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. தனி மாவட்டமாக மீண்டும் மலர்ந்தது 1974 ஜனவரி 14ஆம் நாளில். ஒரே நாளில் கொடி மாறலாம், சட்டங்கள் மாறுமா? சமஸ்தானத்திற்கென்று ஒரு சட்டத் தொகுதி இருந்தது. மாகாணத்திற்கென்று ஒன்று இருந்தது. இணைந்த சமஸ்தானங்களின் சட்டங்களைப் பற்றி 1949இல் சென்னைச் சட்டமன்றம் தனியே ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. அப்பொதுச் சட்டத்தாலும் தீராமல் எஞ்சியது இனாம் நிலங்களின் சிக்கல். அதற்கென்றே 1955இல் புதுக்கோட்டை இனாம்கள் தீர்வுச் சட்டம் என்று மற்றொன்று வந்தது. பொது விதிக்கு அடங்கியவற்றை விதியால் தீர்த்து, அடங்காததைத் தனியே எடுத்துவைத்து ஆய்ந்து தீர்த்தனர். கிட் கருவியின் போக்கும் இதுவே என்பதைக் காணும்போது, வரலாற்றாசிரியன் என்ற முறையில் எனக்குச் சிறிது மகிழ்ச்சி உண்டாகின்றது.

இனி, இன்றைய நடைமுறையைப் பார்ப்போம். கெர்னல் இன்று மூன்று கோடி வரிகளைக் கடந்துவிட்டது. ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய வடிவம் வெளிவருகின்றது. ஒவ்வொரு வடிவத்திலும் பதின்மூவாயிரம் அளவிலான மாற்றங்கள் சேர்கின்றன. ஏறத்தாழ 2,000 பேர் அவற்றை எழுதுகின்றனர். வலைப்பின்னல், கோப்பு முறைமை, ஒலி, நினைவகம் என்று துறை தோறும் காப்பாளர் உளர். எழுதுபவர் தம் துறைக் காப்பாளருக்கு அனுப்புவார். காப்பாளர் ஆய்ந்து தம் கிளையில் சேர்த்துக்கொள்வார். வடிவம் ஒன்று வெளிவந்தவுடன் இரு வார காலம் இணைப்பு வாயில் திறந்திருக்கும். காப்பாளர்கள் தம் கிளைகளை டோர்வால்ட்ஸிடம் தர, அவர் ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பார். வாயில் அடைத்த பின்னர்ப் பிழைதிருத்தங்களுக்கே இடம். ஊர்ச் சந்தை கூடிக் கலைந்த பின் கணக்குப் பார்ப்பதைப் போன்றது எனலாம்.

முரண் வரும் என்று தெரிந்த காப்பாளர் என்ன செய்வார்? டோர்வால்ட்ஸுக்குத் தொல்லை வேண்டாம் என்று எண்ணி, தாமே முன்கூட்டி அவர் கிளையைத் தம் கிளையோடு இணைத்து முரணைத் தீர்த்துச் சுத்தமாக அனுப்புவதே பணிவு என்று நாம் நினைப்போம். அவ்வாறு செய்யாதீர்கள் என்பதே அவருடைய வேண்டுகோள். முரணை மறைக்காமல் அனுப்புங்கள். இன்ன இடத்தில் முரண் வரும், அதற்குக் காரணம் இன்னது என்று எழுதுங்கள். நீங்கள் தீர்க்கும் வகையையும் வேண்டுமானால் தனிக்கிளையில் காட்டுங்கள். தீர்ப்பதை நான் தீர்த்துக்கொள்கின்றேன் என்கின்றார். இதற்குக் காரணம் உண்டு. ஒரு துறைக் காப்பாளர் எப்போதோ ஒருமுறை முரணைக் காண்பார். எல்லாக் கிளைகளும் கூடுமிடத்தில் அமர்ந்திருப்பவரோ எண்ணற்றவற்றைக் கண்டவர். மேலும், எந்தத் துறையும் எந்தத் துறையும் எங்கே உரசுகின்றன என்பதை அறிவதற்கு முரண்களே அவருக்கு வழிகாட்டி. பள்ளியில் இரு ஆசிரியர்களிடையே எழும் பிணக்கைத் தலைமையாசிரியரிடமிருந்து மறைத்துவிட்டால், அவ்வறை அமைதியாக இருப்பதாகவே அவர் எண்ணிக்கொண்டிருப்பார்.

இருப்பினும், இரு வார வாயிலில் எல்லா முரண்களும் ஒருங்கே வெடித்தால் தாங்குமா? 2008 பிப்ரவரியில் ஆஸ்திரேலியரான ஸ்டீபன் ராத்வெல் இதற்கொரு வழி செய்தார். காப்பாளர்களின் கிளைகளையெல்லாம் திரட்டி, அடுத்த வடிவம் எவ்வாறு இருக்கும் என்பதற்கு ஒத்திகைப் படி ஒன்றை வேலைநாள்தோறும் இணைத்துப் பார்ப்பதே அது. லினக்ஸ்-நெக்ஸ்ட் என்று பெயர். திரளும் கிளைகள் நாளடைவில் முந்நூறைக் கடந்தன. இரு கிளைகள் மோதினால், மோதிய இடத்தையும் தாம் தீர்த்த வகையையும் எழுதி இருவர்க்கும் அன்றே மடல் விடுப்பார். பேர்பெற்ற அரங்கேற்றத்தை எல்லாரும் பாராட்டுவர். ஒத்திகைக்கு நாள் தவறாமல் வந்து சுருதி கூட்டியவரை நினைப்பவர் சிலரே. பல்லாண்டுகள் இவ்வேலையைச் செய்த ராத்வெல் பெயரை மாணவர்கள் அறிந்து வைத்திருப்பது நன்று.

ஒத்திகைக்கு வேறொரு பயனும் உண்டு, அதுவே பெரிது. எழுத்தில் முரண் இல்லாமல் பொருளில் முரண்படுவது ஒன்று இருக்கின்றது. மீண்டும் கால அட்டவணைக்கு வாருங்கள். கணித ஆசிரியர் வெள்ளிக்கிழமை நான்காம் பாடவேளையில் ஒன்பதாம் வகுப்பை ஆய்வுக்கூடத்தில் வைத்தார். தமிழாசிரியர் தம் வசதிக்காகப் பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறையை அதே வேளைக்கு நகர்த்தினார். ஒன்பதாம் வகுப்பு ஒரு வரி. பத்தாம் வகுப்பு வேறொரு வரி. இரு படிகளையும் இணைக்கும்போது ஒரு வரியிலும் மோதல் இல்லை. எந்திரம் ஒரு குறையும் சொல்லாது. வெள்ளிக்கிழமை வந்தால் இரு வகுப்புகளும் ஆய்வுக்கூட வாயிலில் நிற்கும்! கெர்னலில் இது மெய்யாகவே நிகழ்கின்றது. 2018 ஜனவரியில் வெளிவந்த 4.15 வடிவத்திற்காக, நேரங்காட்டிகளை அமைக்கும் பழைய செயற்கூறு நீக்கப்பட்டுப் புதியது வைக்கப்பட்டது. பழைய இடங்களையெல்லாம் தேடித் திருத்தினர். அதே காலத்தில் வேறொரு கிளையில் ஒருவர் பழைய செயற்கூற்றை அழைத்துப் புதிய கோப்பு ஒன்றை எழுதியிருந்தால், இணைப்பில் முரணே தோன்றாது. நிரலைத் தொகுக்கும்போது மட்டும், அழைக்கப்பட்ட செயற்கூறு இல்லை என்று நின்றுவிடும். இல்லாத பெயரை அழைப்பதாவது தொகுக்கும்போதே அகப்பட்டுவிடும். பெயர் அப்படியே இருந்து அதன் நடத்தை மட்டும் மாறியிருந்தால், தொகுப்பிலும் அகப்படாது, ஓடும்போதுதான் தெரியும். ஆகவே ஒவ்வோர் இணைப்பிற்குப் பின்னரும் தொகுத்துப் பார்க்கின்றனர்; ஓட்டியும் பார்க்கின்றனர்.

அற்பமான காரணத்தால் எழும் முரண்களும் மிகுதி. கெர்னலில் காப்பாளர் பெயர்ப்பட்டியல் என ஒரு கோப்பு உண்டு. எவ்வெவ் உறுப்புகளைச் சேர்ப்பது என்று கூறும் பட்டியல்களும் உண்டு. புதியவர் எல்லாரும் பட்டியலின் கடைசியிலேயே சேர்த்தால், எல்லாரும் ஒரே இடத்தைத் தொட்டவராகின்றனர். எந்திரத்திற்கு அது முரணாகவே தோன்றும். அகரவரிசைப்படி இடையிடையே சேர்த்தால் பெரும்பாலும் மோதல் வராது. வருகைப் பதிவேட்டில் அகரவரிசை வைத்த பழைய ஆசிரியர்கள் இதைக் கேட்டால் புன்னகை செய்வர்.

ஒருமுறை தீர்த்த முரணையே ஒத்திகையில் நாள்தோறும் மீண்டும் தீர்க்க வேண்டி வருமே என்னும் ஐயம் உங்களுக்கு எழலாம். அதற்கும் கிட் கருவியில் இடமுண்டு. 2006இல் ஹமானோ சேர்த்த ஓர் அமைப்பு, முரண் இருந்த நிலையையும் மனிதர் தீர்த்த நிலையையும் இணையாக நினைவில் வைத்துக்கொள்கின்றது. அதே முரண் மறுநாள் வந்தால் அதே தீர்வைத் தானே இட்டுக் காட்டுகின்றது. இது நீதிமன்றத்தில் முன்தீர்ப்பை எடுத்துக் காட்டுவது போன்றது. முன்தீர்ப்பு தவறானால் அத்தவறும் திரும்பத் திரும்ப வரும். ஆதலால் தவறெனக் கண்ட தீர்வை மறக்கச் செய்யும் கட்டளையும் அதில் வைத்திருக்கின்றனர்.

இன்னும் ஒரு செய்தி; வரலாற்று மாணவர்க்கு இது மிக முக்கியமானது. 2005 ஏப்ரல் 16ஆம் நாள் டோர்வால்ட்ஸ் கெர்னலை முதன்முதலாகக் கிட் கருவியில் இட்டபோது, 2.6.12 வடிவத்தின் முன்னோட்டப் படி ஒன்றை மட்டுமே இட்டார். அதற்கு முந்திய வரலாறு கையிலிருந்தும், அளவு மிகப் பெரிதாகும், வேலை கெடும் என்று அப்போதைக்கு விட்டுவிட்டார். ஆகவே இன்று கெர்னலின் வரலாற்றில் ஒரு வரியைப் பிடித்துப் பின்னோக்கிச் சென்றால், பழைய வரிகள் எல்லாம் அந்த ஒரே நாளில் வந்து முட்டி நின்றுவிடுகின்றன. அவ்வரியை முதலில் எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்பது அங்கே தெரியாது. இக்குறையைப் போக்க ஜெர்மானியரான தாமஸ் கிளைக்ஸ்னர், 2002 முதல் 2005 வரை பிட்கீப்பரில் இருந்த வரலாற்றைக் கிட் வடிவத்திற்கு மாற்றித் தனியே வைத்தார். அதற்கும் முந்திய காலத்து வடிவங்களைப் பழைய தொகுப்புகளிலிருந்து திரட்டி, 1991 வரை பின்னோக்கிக் கோத்தவர்களும் உண்டு. வேண்டுவோர் இம்மூன்று பகுதிகளையும் தம் கணிப்பொறியில் பெற்று, ஒன்றன் முடிவோடு மற்றதன் தொடக்கத்தை ஒட்டிக்கொள்ளலாம். கிட் கருவியில் அதற்குக் கட்டளை உண்டு. கணிப்பொறி உள்ள கல்லூரி எதிலும், இணைய இணைப்பும் ஒரு மாலைப்பொழுதும் இருந்தால் இதனைச் செய்து பார்க்க இயலும்.